அரசியல் அறிவியல் படிக்கக் கல்விக்கடன் வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மணப்பாறைக்காரன்:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2018 முதல் 2021 வரை பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. அரசியல் அறிவியல். ஈடு இல்லாமல் கொடுக்கும் ஏழரை லட்சத்தையும் வாங்கினோம், வருடத்துக்கு இரண்டரை. வட்டி பத்தரை. அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டாம் என்றார்கள். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருந்தது என்பது 2022இல்தான் எனக்கு உறைத்தது. பாக்கி 9.86 லட்சம் ஆகியிருந்தது. பத்து வருடத்துக்கு மாதம் 13,300. அப்போது என் சம்பளம் 22,000.

வேலை மாறிய சமயத்தில் இரண்டு தவணை தவறிவிட்டது, வீட்டில் சொல்லவில்லை. அடுத்த வருடம் அப்பா மாடி எடுக்கக் கடன் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். அதிகாரி கணினியைப் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டில், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் எண்ணை எழுதி அப்பா பக்கம் நகர்த்தினார். "பையன் கட்டாதது உங்க கணக்கிலயும் விழுந்திருக்குங்க." அப்பா அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்ததும் டீக்கடையில் எனக்கும் சேர்த்தே சொன்னார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

வேலூர் டீச்சர்:
தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் படிப்பின் மேல் பழி போடாதீர்கள். நான் அரசுக் கல்லூரியில் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் இதே பாடம். கல்விக் கட்டணம் கிடையாது, மற்றவை சில ஆயிரத்துக்குள் முடிந்தது. ஒரு ரூபாய் கடன் இல்லை. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறி இப்போது அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடம் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, நன்றாகப் படிப்பவள், வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "மேடம், தனியார்ல எம்.ஏ. சேரலாம்னு இருக்கேன், லோன் போடணும். நீங்க எவ்ளோ மேடம் வாங்குறீங்க?" 25,000, மே மாதம் அதுவும் கிடையாது என்று சொன்னேன். அவள் கையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தபடியே நின்றாள். அப்புறம் அவள் எம்.ஏ. சேரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் அரசுக் கல்லூரியிலேயே எம்.ஏ. உண்டு, முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 வரும் என்பதையும் அன்றே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தவன்:
"படிப்பின் மேல் பழி போடாதீர்கள்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை அக்கா. இதே கடனோடு பொறியியல் படித்தவனுக்குச் சம்பளம் தாமதமாகவாவது ஏறுகிறது.

நான் இங்கிலாந்தில் ஒரு வருட எம்.ஏ., சர்வதேச அரசியல். வீட்டுப் பத்திரத்தை வைத்து 22 லட்சம், வட்டி 11. செப்டம்பர் 2023இல் முடித்தேன். ஒரு சிறிய அமைப்பில் ஆய்வு உதவியாளர் வேலை, வருடம் 27,000 பவுண்டு. வேலை விசாவுக்கு அன்று தேவைப்பட்டது 26,200. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கத் தேவையான ஸ்பான்சர் உரிமத்துக்கு எனக்காக விண்ணப்பிக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி மதியம், மைக்ரோவேவில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறேன்: வரம்பு 38,700 ஆகிறது. மைக்ரோவேவ் கத்தி ஓய்ந்தது, நான் அதைத் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது நான் வைத்த புளிக்குழம்பு, அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

இப்போது சென்னையில் தேர்தல் கருத்துக்கணிப்பு வேலை, 48,000. தவணை முப்பதாயிரத்துச் சொச்சம், பதினைந்து வருடத்துக்கு.

வேலூர் டீச்சர்:
படிப்பு விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அப்போது 30,960 போதுமாக இருந்தது என்று என் மாணவன் ஒருவன் சொன்னானே?

திரும்பி வந்தவன்:
அதுவும் 27,000க்கு மேல்தானே அக்கா. புதிய வரம்பு 2024 ஏப்ரல் 4இல்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முன் விண்ணப்பித்திருந்தால் பழைய வரம்பே போதும். உரிமம் அதற்குள் வரவில்லை.

முன்னாள் வங்கி ஊழியர்:
முப்பது வருடம் வங்கியில் இருந்தேன். ஒருநாள் ஒரு பையன் பி.ஏ. வரலாற்றுக்கு வட்டி மானியம் கேட்டு வந்தான். இல்லை என்றேன். ஏன் சார் என்றான், என்னிடம் பதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இனி வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்பது தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் மட்டும்தான். அரசியல் அறிவியலுக்கு அது வராது. 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலட்சுமி வேறு. அதில் முதலில் பார்ப்பது உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதை. எட்டு லட்ச வருமானம் வரை, பத்து லட்சக் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, ஆனால் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான். தொழிற்படிப்புகளுக்கு முன்னுரிமையும் இருக்கிறது. முதலில் பட்டியலைப் பாருங்கள், அப்புறம் அட்மிஷன் போடுங்கள்.

படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிட்டால் அது அசலோடு சேராது. பல வங்கிகளில் அப்படிக் கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. இதைக் கவுண்டரில் எடுத்துச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள், நீங்களே கேட்க வேண்டும். வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கு மட்டும் கழிவு உண்டு, எட்டு வருடம் வரை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு வந்தால் மேலாளரால் செய்ய முடிவது குறைவு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி, மறைக்காதீர்கள்.

மணப்பாறைக்காரன்:
சார், இப்போது 34,000 வாங்குகிறேன். தீபாவளி போனஸை மொத்தமாக அசலில் கட்டலாம் என்று நினைக்கிறேன். அபராதம் போடுவார்களா?

முன்னாள் வங்கி ஊழியர்:
மாறும் வட்டிக் கடனுக்குப் போடக்கூடாது. அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் வரும் மாதத் தவணைக்கு எடுத்துக்கொள்வார்கள். ரசீதை அப்பாவிடம் காட்டுங்கள்.

மணப்பாறைக்காரன்:
சரி சார். திங்கட்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு போகிறேன்.