பஸ்ஸில் நின்றபடி போட்ட ஒரு டிக்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சின்ன இறக்குமதிக் கொம்பனி. பதினாலு பேர், ஒரேயொரு விண்டோஸ் சேர்வர். அதுவும் ஸ்டோர் ரூமில், பிளேன்டீ போடுகிற மேசைக்குப் பக்கத்தில். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாதம் இரண்டு தரம் நேரில் போவேன், மிச்சமெல்லாம் தூரத்திலிருந்தே கணினியை இயக்குகிற எனிடெஸ்க்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விற்பனைப் பக்கத்துத் தங்கச்சி கோல் எடுத்தா. "அண்ணா, பொது ஃபோல்டரில விலைப்பட்டியல் கிடக்கு, திறக்க விடுதில்ல. அக்சஸ் டினைட் எண்டு வருது."

கணக்குப் பிரிவு அக்கா அதை 'கணக்கு' ஃபோல்டரில் கட் பண்ணி 'பொது'வில் பேஸ்ட் பண்ணியிருந்தா. கொப்பி பண்ணியிருந்தால் புதிய இடத்தின் அனுமதி தானாக வந்திருக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் பழைய வீட்டுப் பூட்டையும் கழற்றிக்கொண்டு வந்துவிடும்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நான் அப்போது நுகேகொடைக்குக் கிட்ட, 138 பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி. ஃபோன் திரையில், யாருக்கு என்ன அனுமதி என்று காட்டுகிற செக்யூரிட்டி டேப் கடுகளவு. ஃபைலைத் தொடுவதற்குப் பதிலாக 'கணக்கு', 'பொது' எல்லாம் அடங்கிய முழு ஷெயாரின் (எல்லோரும் நெட்வேர்க்கில் பகிர்கிற இடம்) தலை ஃபோல்டரையே தொட்டுவிட்டேன். எல்லோருக்கும் மொடிஃபை, அதாவது திறக்கவும் மாற்றவும் அனுமதி கொடுத்து, கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இதையே மாற்று என்கிற பெட்டியிலும் டிக். எச்சரிக்கை வந்தது, வாசிக்காமல் யெஸ். ஃபைல் பெயர்கள் சரசரவென்று ஓடின.

"திறந்திட்டுது, தேங்ஸ் அண்ணா!"

திங்கள் காலை முதலாளி. கத்தவில்லை. "தம்பி, ஒருக்கா நேரில வாங்கோ." அவ்வளவுதான். ஸ்டோர்ஸ் பெடியன் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) ஷீட்டைத் திறந்து, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

நெட்வேர்க் வழியாக வருகிறவருக்கு ஷெயாருக்குப் போட்ட அனுமதி, டிரைவில் ஃபைல், ஃபோல்டருக்குப் போட்ட என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். நான் வழமைபோல ஷெயார் என்கிற வெளிக் கேற்றை எவ்ரிவன், ஃபுல் கொன்ட்ரோல் (எல்லோருக்கும் முழு அனுமதி) என்று திறந்துவிட்டு, என்டிஎஃப்எஸ்ஸால் உள்ளே பூட்டுகிறவன். உள் பூட்டும் போனால் பிறகென்ன?

இதற்கு அன்டூ கிடையாது. முன்கூட்டியே ஐகேக்ல்ஸ் கட்டளையால் அனுமதிகளை ஒரு ஃபைலில் சேவ் பண்ணியிருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாததால் கணக்கு அக்காவோடு ஒரு ஏ4 தாளில் யாருக்கு எது வேண்டும் என்று கீறி, ஆள் பெயர்களை எடுத்துவிட்டு நாலு குரூப் போட்டேன். முடித்ததும் அக்கா, "எனக்கே இப்ப திறக்குதில்லயே தம்பி." குரூப்பில் புதிதாகச் சேர்த்தால் சைன் அவுட் பண்ணி மறுபடி உள்ளே வந்தால்தான் சேர்வர் கண்டுகொள்ளும். அக்கா எக்ஸலை மூட மனமில்லாமல் மூன்று நாளாகத் திரையை லொக் மட்டும் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறா.

ஸ்டோர்ஸ் பெடியனுக்கு அடுத்த மாதம் சம்பளம் கூடியதாம். ஷீட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனே சொன்னான்.