ஜெபக்குறிப்பில் உள்ளவர்களுக்கு உதவுவது குறித்து ஆலோசனை தேவை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

காலையில் வேதவாசிப்பு முடிந்ததும், நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவது என் வழக்கம். வேலையிழந்தவர், துணையை இழந்தவர், டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர் எனப் பலர் அதில் உண்டு. நோட்டை மூடியபின் அவர்களுக்காக என்ன செய்வது என்பதில்தான் உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில், அதாவது பிற்பகல் 3 மணியளவில், தேவாலயத்துக்குப் போன பேதுருவும் யோவானும் வாசலில் இருந்த நடக்க இயலாதவரைக் கடந்துபோகாமல் உற்றுப்பார்த்ததாகவும், பேதுரு அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதாகவும் அப்போஸ்தலர் 3-ஆம் அதிகாரம் சொல்கிறது. உடையும் உணவும் இல்லாதவரை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடுவதால் பயனென்ன என்று யாக்கோபு 2:15-16 கேட்கிறது. ஜெபத்தைக் குறைத்து உதவியைக் கூட்டுவது இதற்கு விடையல்ல என்பது என் எண்ணம்.

துக்கத்தில் இருப்பவரிடம் ஜெபிக்க அனுமதி கேட்பதற்கு ஏற்ற நேரம் எது? கிறிஸ்தவர் அல்லாத ஒருவருக்கு உதவும்போது, அதற்குப் பின்னால் வேறு நோக்கம் இருப்பதாக அவர் எண்ணாதபடி எவ்வாறு நடந்துகொள்கிறீர்கள்? பண உதவியை, பெறுபவர் கூச்சப்படாத விதத்தில், மத்தேயு 6:3 சொல்வதுபோல் மறைவாகக் கொடுக்க நீங்கள் கையாளும் வழி என்ன?

நோயுற்றோரைத் தவறாமல் சந்தித்துவருகிறவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் உதவும். பதில் எழுதும்போது யாருடைய பெயரையும் குறிப்பிட வேண்டாம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிறர் நோய் ஊர்வம்பாகிவிடுவதும் உண்டல்லவா?