12 பிள்ளைகளுக்கு முதல் போர்டு: மறுபடியும் அர்டுயினோவா, மைக்ரோபிட்டா?

கேள்வி

வணக்கம். சனிக்கிழமைகளில் 11 முதல் 13 வயது வரையுள்ள 12 பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லிக்கொடுக்கிறேன். போன முறை அர்டுயினோ ஊனோவில் (ஒயர்களை இணைத்து, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணு போர்டு) ஆரம்பித்தேன். நான் கற்றது அதில்தான், வேறெதையும் யோசிக்கவில்லை. இரண்டு மணி நேர வகுப்பில் ஒன்றரை மணி நேரம் ப்ரெட்போர்டில் (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை) ஒயர் செருகுவதிலேயே போய்விட்டது. ஒருவர் எல்இடியைத் திருப்பி மாட்டியிருப்பார், இன்னொருவர் ரெசிஸ்டரை ஒரு துளை தள்ளிச் செருகியிருப்பார். ஒரு பெண் நிரலில் அரைப்புள்ளி (;) ஒன்றை விட்டுவிட்டாள். வரிசையாக வந்த பிழைச்செய்திகளைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், அடுத்த வாரம் வரவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இந்த முறை மைக்ரோபிட் சரிவருமா? ஆளுக்கொன்று வேண்டுமா? பிளாக்கில் (கட்டளைகளைத் திரையில் இழுத்து ஒட்டும் முறை) பழகினால், எழுத்தில் நிரல் எழுதும் பைத்தானுக்கு வரவே மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1

மைக்ரோபிட்டே வாங்குங்கள். ஏழு வருடமாக அதை வைத்துத்தான் வகுப்பு எடுக்கிறேன்.

அது இந்த வயதுக்கென்றே செய்த போர்டு. 2016இல் பிரிட்டனில் 11, 12 வயது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக பிபிசி பல நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. 25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவை அறியும் சென்சார், திசைகாட்டி எல்லாம் போர்டிலேயே இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு ஒயர்கூட வேண்டாம். (வெப்பநிலையும் காட்டும். ஆனால் அது சிப்பின் சூடு, அறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

முதல் வகுப்பில் விளக்கவுரை எதுவும் வேண்டாம். குலுக்கினால் எண் காட்டும் பகடை ஒன்று செய்யச் சொல்லுங்கள். மேக்கோடு என்ற எடிட்டரில் மூன்றே பிளாக். என் வகுப்பில் ஒரு பையன் குலுக்கியபோது 0 வந்தது. "பகடையில ஏது சார் பூஜ்யம்?" என்று போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் பதில் சொல்லவில்லை. திரும்பிப் போய், ரேண்டம் எண்ணுக்கான பிளாக் 0இல் தொடங்குகிறது என்று அவனே கண்டுபிடித்து 1 என்று மாற்றினான். அரைப்புள்ளி விட்டுப்போனதும் பிழைதான், இதுவும் பிழைதான். ஆனால் இந்தப் பிழை அவன் கையில் இருந்தது, அவனுக்குப் புரிந்தது. உங்கள் மாணவிக்கு அமையாமல் போனது அந்த வாய்ப்புதான் என்று நினைக்கிறேன்.

இருவருக்கு ஒரு போர்டு போதும். திரையிலேயே போர்டைப் போல இயங்கிக் காட்டும் சிமுலேட்டர் இருப்பதால் ஒருவர் அதில் சோதிக்கலாம். ரேடியோவில் செய்தி அனுப்ப எப்படியும் இரண்டு போர்டு வேண்டும், அப்போது ஜோடிகளைச் சேர்த்துவிடுங்கள். ஒரே குரூப் எண் வைத்த போர்டுகளுக்குள்தான் செய்தி போகும், எண் 0 முதல் 255 வரை. எல்லாரும் 1 என்றே வைப்பார்கள், ஒருவர் செய்தி எல்லாருக்கும் போகும். போகட்டும், தடுக்காதீர்கள். வேறு எண் ஏன் வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

பைத்தான் பயம் வேண்டாம். அதே எடிட்டரில் பிளாக்கை அப்படியே பைத்தானாக மாற்றிப் பார்க்கலாம். நிரல் நீண்டு, இழுத்து ஒட்டுவது அலுத்துப்போனால் அவர்களாகவே அந்தப் பக்கம் போவார்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் ப்ரெட்போர்டை ஒரேயடியாகக் கட்டிவைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து எடுங்கள், அப்போது அது எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்களிடம் உள்ள அர்டுயினோ சென்சார்களில் ஒரு எச்சரிக்கை. ஊனோ 5 வோல்ட், மைக்ரோபிட் 3 வோல்ட். 5 வோல்ட் சிக்னலை நேராக மைக்ரோபிட்டின் பின்னில் (இணைப்பு முனை) கொடுத்தால் சிப் போய்விடும். சர்வோ மோட்டாரை (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) போர்டின் 3வி வளையத்திலிருந்து ஓட்டாதீர்கள். புதிய போர்டிலேயே வெளிப்பாகங்களுக்கு 190 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிரவுண்டை (மின்சுற்றின் பொது முனை) மட்டும் இணையுங்கள்.

இன்னொன்று, கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் போர்டு தெரியாது. வகுப்புக்கு முன்பே ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தெரிந்தவர் ஒருவர் பழைய முதல் பதிப்பு போர்டு ஆறு தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? அப்புறம், எல்லாரும் தங்கள் பெயரைத் தமிழில் ஓடவிட ஆசைப்படுவார்கள். முடியுமா?

பதில் 1

தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கர், மைக், தொட்டால் வேலை செய்யும் லோகோ உண்டு. ரேம் 16 கேபியிலிருந்து 128 கேபி ஆனது. பகடைக்கும் ரேடியோவுக்கும் பழையதே தாராளம். இசை வேண்டுமென்றால் பின் 0இலும் கிரவுண்டிலும் ஒரு பஸரை (ஒலி எழுப்பும் சிறு பாகம்) மாட்டுங்கள்.

பெயரைத் தமிழில் தட்டினால் வராது, அந்த எழுத்துரு போர்டில் இல்லை. 25 கட்டத்தில் பிள்ளைகளே வரையட்டும். ப, ட இரண்டும் நேர்கோடுகள், கச்சிதமாக உட்காரும். ண வந்தால் ஐந்து கட்ட அகலத்தில் அடங்காது. போன வருடம் இருவர் அரை மணி நேரம் வாதாடி, எழுத்தைப் பத்துக் கட்ட அகலத்துக்கு வரைந்து, இடமிருந்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி ஓடவிட்டார்கள். நான் அதுவரை அவர்களுக்கு அர்ரே (மதிப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கும் முறை) சொல்லிக்கொடுத்திருக்கவே இல்லை.