நெடுந்தீவுக் குதிரை இரவில எங்க படுக்கும்? பிள்ளையளுக்கு எப்படிச் சொல்லுறது?

வாணி டீச்சர், திருகோணமலை:
வணக்கம். முன்பள்ளியில 4, 5 வயசுப் பிள்ளையளுக்கு, யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில திரியுற குதிரையளின்ர படம் காட்டினன். "இதுக்கு வீடு எங்க?", "இரவில ஆர் கதவு பூட்டுறது?", "அம்மா எது?" எண்டு ஒரே கேள்வி. கற்பனைக் கதை சொல்ல விருப்பமில்லை. தீவாக்கள் ஆரும் இருந்தால் எழுதுங்கோ.

நெடுந்தீவான்:
டீச்சர், நான் அங்க பிறந்து வளந்தவன். முதல்ல ஒண்டு: அதுகள் ஆதியில இருந்தே காட்டில வாழ்ந்த குதிரையள் இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில கொண்டு வந்து வளத்த குதிரையளின்ர வழி. பிறகு ஆளில்லாமல் தானாப் பெருகினது. "ஆருக்கும் சொந்தமில்லாத குதிரை" எண்டு சொன்னால் பிள்ளையளுக்கு விளங்கும்.

வீடு கிடையாது. கூட்டம்தான் வீடு. ஒரு ஆண் குதிரை, சில பெண் குதிரையள், அதுகளின்ர குட்டியள். இடம் மாறேக்க பெரும்பாலும் மூத்த பெண் குதிரை முன்னால நடக்கும். ஆண் குதிரை பின்னால வந்து, விலகிப் போறதுகளைத் தலையைத் தாழ்த்தித் துரத்திச் சேர்க்கும். ஆண் குட்டி 2, 3 வயசில கூட்டத்தை விட்டுப் போய், தன்னைப்போல இளசுகளோட சேர்ந்து திரியும்.

நாளில பாதிக்கு மேல புல்லு மேய்ச்சல்தான். வயிறு சின்னன், அதால கொஞ்சம் கொஞ்சமா நெடுகத் தின்னவேணும். மத்தியான வெயிலுக்குக் காத்து வாற வெளியில இரண்டு இரண்டாய், ஒண்டின்ர தலைப்பக்கம் மற்றதின்ர வால் வாறமாதிரி நிக்கும். ஒண்டின்ர வால் மற்றதின்ர முகத்தில இலையானைக் கலைக்கும்! தன்ர வாய் எட்டாத பிடரியைக் கூட்டாளி பல்லால சொறிஞ்சு விடும். சின்ன வயசில இதைப் பாத்துக்கொண்டு கல்வேலியில ஏறி இருந்தால் வீட்டு நினைவே வராது.

பிள்ளையளுக்கு இரண்டு கையையும் தலையில வைச்சுக் காது செய்யச் சொல்லுங்கோ. காது முன்னுக்கு எண்டால் "அது என்ன?" பின்னுக்கு அப்பிக் கிடந்தால் கோவம், கிட்டப் போகாத. பெரிய குதிரை கிட்ட வந்தால் குட்டி கழுத்தை நீட்டி வாயைச் சப்பிச் சப்பிக் காட்டும். "நான் சின்னன், கடிக்காத" எண்டு சொல்லுறது அது. எனக்கு இதுதான் எல்லாத்திலும் பிடிச்சது.

கோடியக்கரை செந்தில்:
எங்க பக்கமும் இதே மாதிரி மட்டக்குதிரைங்க இருக்கு. கோடியக்கரை சரணாலயத்துல வெளிமான் மேயற புல்வெளியிலயே மேயும். அம்மா எதுன்னு கேட்டாங்கல்ல, குட்டி ஓடிப் போய்ப் பால் குடிக்கறதுதான் அம்மா. பிறந்த கொஞ்ச நேரத்துலயே குட்டி எழுந்து நின்னுடும். அம்மா அதை நக்கி நக்கி வாசனையப் பழகிக்கும், அப்புறம் வேற குட்டிய அண்ட விடாது.

வாணி டீச்சர்:
நன்றி அண்ணை, நன்றி தம்பி. நித்திரைக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரேல்லை.

நெடுந்தீவான்:
அட, அதைச் சொல்லவேணும்! நிண்டபடியே தூங்கும். கால் மூட்டு மடங்காமல் பூட்டிக்கொள்ளும், அதால விழாது. ஆனால் ஆழ்ந்த நித்திரைக்குக் கொஞ்ச நேரம் கட்டாயம் படுக்கவேணும். அப்ப மற்றதுகளில ஒண்டெண்டாலும் நிண்டு சுத்திவரப் பாத்துக்கொண்டிருக்கும். குட்டியள்தான் கனக்கப் படுக்கும். கதவு ஆர் பூட்டுறது எண்டு கேட்ட பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ.

பிறகு ஒருநாள் தண்ணியைப் பற்றியும் சொல்லுங்கோ. தீவில ஆறு இல்லை. கோடையில குளங்கள் வத்தினால் குதிரையள் தண்ணி தேடி அலையும், கடும் வறட்சியில செத்தும் இருக்கு. தொட்டி கட்டித் தண்ணி விடுறது அதுக்குத்தான். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் மாரி முடிஞ்சு புல்லுப் பச்சையா இருக்கேக்க வாங்கோ. பிஸ்கட் குடுக்க விடாதேங்கோ, குட்டிக்குக் கிட்டவும் விடாதேங்கோ.