ஃபில் காலின்ஸ்: மைக் பிடிச்சது டிரம்ஸுக்கு நஷ்டமா இல்லையா?

வினைல்_வேலு
ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். ஃபில் காலின்ஸ்னா இப்ப இருக்குற பசங்களுக்கு டார்ஜான் படத்துப் பாட்டு ஞாபகம் வரும், கொஞ்சம் பெரியவங்களுக்கு எண்பதுகள்ல ரேடியோவுல ஓடுன காதல் பாட்டு ஞாபகம் வரும். அந்த ஆளு ராக் உலகத்துலயே விரல் விட்டு எண்ணக்கூடிய டிரம்மர்கள்ல ஒருத்தர்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1970ல ஜெனிசிஸ் பேண்டுக்கு ஆடிஷன் போனப்ப வயசு 19, பேண்டோட அப்போதைய பாடகர் பீட்டர் கேப்ரியலோட அப்பா அம்மா வீட்டுல வச்சு நடந்துச்சு, இவரு சீக்கிரமே போயிட்டதால நீச்சல் குளத்துல இறங்கி நீந்திக்கிட்டே உள்ள மத்தவங்க வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டு பாட்டு மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிட்டாரு, இவரு முறை வந்தப்ப எல்லாம் கைக்குள்ள இருந்துச்சு. அந்தக் காது, அந்தக் கை. 1972ல வந்த ஃபாக்ஸ்ட்ராட் ஆல்பத்துல 'சப்பர்ஸ் ரெடி' 23 நிமிஷம் ஓடும், அதுல கடைசிக்கு முந்தின பகுதி ஒன்பது எட்டு தாளம் (ஒரு சுத்துக்கு ஒன்பது அடி), ஆர்கன் ஒரு பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகுது, இவரு அதை விடவும் மாட்டாரு, பிடிச்சு இழுக்கவும் மாட்டாரு. அப்பேர்ப்பட்டவரு எழுந்து மைக்குக்குப் போனாரு, டிரம்மரை உலகம் மறந்துடுச்சு. கேப்ரியல் பேண்டை விட்டுப் போனதை விட இதுதான் பெரிய நஷ்டம்னு நான் சொல்றேன்.

டிரம்ஸ்_தாஸ்
வேலு அண்ணே, டிரம்ஸ் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி, ஆனா அவரு ஏதோ பதவி ஆசையில மைக்கைப் பிடுங்கின மாதிரி சொல்றீங்களே அது நியாயம் இல்ல. 1975ல கேப்ரியல் போனதும் பேண்டே முடிஞ்சதுன்னு பத்திரிகைல எழுதினாங்க. வெளியிலேருந்து பாடகர் வேணும்னு மாசக்கணக்கா தேடுனாங்க, யாரும் சரிவரல, வந்தவங்களுக்கெல்லாம் பாட்டைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவரே இவருதான். கடைசில நீயே பாடிப் பாருன்னு ஆச்சு. அவருக்கு அந்தப் பக்கம் போக இஷ்டமே இல்ல, டிரம்ஸுக்குப் பின்னாடி இருக்குறதுதான் பாதுகாப்புன்னு நினைச்ச ஆளு.

இன்னொண்ணு, பாட்டு அவருக்கு நடுவுல ஒட்டிக்கிட்டது கிடையாது. லண்டன்ல சின்னப் பையனா இருந்தப்ப ஆலிவர் நாடகத்துல ஜேப்படிக்காரப் பையன் வேஷம் போட்டு மேடையில பாடினவரு, 13 வயசு. அஞ்சு வயசுல டிரம்ஸ், 13ல பாட்டு. ரெண்டும் சேர்ந்தே வளர்ந்தது.

வினைல்_வேலு
தம்பி, கட்டாயத்துல பாடினாருன்னே வச்சுக்குவோம். 1976 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' அருமையான ஆல்பம், நானே சொல்றேன், 'லாஸ் எண்டோஸ்' மாதிரி ஒண்ணு அதுக்கப்புறம் வரல. ஆனா அந்த வருஷமே டூர்ல டிரம்ஸ்ல உக்காந்தது யாரு? பில் ப்ரூஃபோர்ட். அடுத்த வருஷத்துலேருந்து செஸ்டர் தாம்ப்சன். அதாவது மேடைக்கு வர்ற ரசிகன் பாக்குறது டிரம்ஸ்ல இன்னொருத்தரை. அப்புறம் 1978ல 'ஃபாலோ யூ ஃபாலோ மீ', 1986ல 'இன்விசிபிள் டச்'. ஒன்பது எட்டுல ஊர் சுத்தின மனுஷன் பாட்டுக்கு, தானா தாளம் போடுற டிரம் மெஷினை ஓட விட்டுட்டு முன்னால நின்னு கையாட்டறாரு. எனக்கு அதுதான் தாங்கல.

மிக்ஸிங்_மணி
டிரம் மெஷின்னு சொன்னதும் வந்துட்டேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் அவருக்கு அநியாயம் பண்றாங்க. நான் ரெக்கார்டிங் வேலை பாக்குறவன், சவுண்ட் பக்கமா சொல்றேன்.

1979ல லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. கேப்ரியலோட மூணாவது சோலோ ஆல்பம், அதுல வாசிக்க பழைய சிநேகிதன் காலின்ஸைக் கூப்பிட்டாரு (வேலு சார், கேப்ரியலே கூப்பிட்ட டிரம்மர், கவனிங்க). எஞ்சினியர் ஹியூ பேஜம், புரொடியூசர் ஸ்டீவ் லில்லிவைட். அந்த மிக்ஸிங் டெஸ்க்கோட இணைச்ச ஒரு மைக் உண்டு, அது ரெக்கார்ட் பண்றதுக்கு இல்ல, உள்ள வாசிக்கிறவங்க பேசுனா வெளிய இருக்குறவங்களுக்குக் கேக்கணும்னு ரூம் உச்சில தொங்கவிட்ட மைக். தூரத்துல மெதுவா பேசுனாலும் கேக்கணுமே, அதனால அதுக்கு ரொம்ப கடுமையான கம்ப்ரஸர் (சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர்ற கருவி) போட்டிருப்பாங்க. காலின்ஸ் வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது அந்த மைக் திறந்துடுச்சு, டிரம்ஸ் இடி மாதிரி ஸ்பீக்கர்ல வந்து விழுந்துது. அதையே பிடிச்சு நாய்ஸ் கேட் போட்டாங்க. அதாவது அடிச்சதும் ரூம் எதிரொலி பெருசா எழும்பும், அது தானா கரைஞ்சு போறதுக்குள்ள கதவை அடைச்ச மாதிரி டக்குனு அறுந்துடும். சிம்பல், அதான் அந்த உலோகத் தட்டு, எதுவும் அடிக்காதேன்னு கேப்ரியல் சொல்லியிருந்தாரு, அதனாலதான் அந்த அறுப்பு சுத்தமா விழுந்துது, சிம்பல் இருந்திருந்தா அதோட இழுவை எல்லாத்தையும் கெடுத்திருக்கும். எண்பதுகள் பூரா உலகத்துல எந்த ஊர் பாட்டைக் கேட்டாலும் அந்த ஸ்னேர் சத்தம்தான்.

இப்ப 'இன் தி ஏர் டுநைட்' கேளுங்க, 1981. ரோலண்ட் சிஆர்-78ன்னு ஒரு சின்ன டிரம் மெஷின் பெட்டி, டிக் டிக்னு அதுபாட்டுக்குப் போகுது. மூணரை நிமிஷத்துக்கு மேல டிரம்ஸே கிடையாது! உலகத் தரமான டிரம்மர் தன் சொந்தப் பாட்டுல, தன் முதல் சிங்கிள்ல, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் கிட்ட வர்றப்ப டும்டும் டும்டும்னு டாம்ஸ் (பல அளவு உருளை டிரம்ஸ்) இறங்குது பாருங்க, மேல ஆரம்பிச்சு கீழ வரைக்கும். அவரு டாம்ஸுக்கு அடிப்பக்கம் தோலே இருக்காது, ஒரு பக்கம் திறந்த டாம்ஸ், அதான் அந்த வெட்டு. அந்த மெஷின் அவ்வளவு நேரம் ஓடலேன்னா அந்த அடிக்கு உயிரே கிடையாது. மெஷினை எங்க வைக்கணும்னு ஒரு டிரம்மருக்குத்தான் தெரியும்.

மெல்லிசை_மீனா
மணி அண்ணா சொன்னதுக்கு அப்புறம் நான் பாட்டுப் பக்கம் சொல்றேன். அந்தப் பாட்டு பத்தி ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு, யாரோ தண்ணில மூழ்குறதைப் பாத்துட்டு எழுதினாருன்னு, அது பொய், அவரே எத்தனையோ தடவை மறுத்துட்டாரு. முதல் மனைவி பிரிஞ்சு போன நேரம், வீட்டுல தனியா ரெக்கார்டிங் சாமான்களை வச்சுக்கிட்டு இருக்காரு, மைக்ல வாயில வந்ததைப் பாடினாரு, பெரும்பாலான வரிகள் அப்படி நின்ன இடத்துலயே வந்தது. கோபம் இருக்கு, ஆனா கத்தல. நான் மேடைல பாடுறவ, எனக்குத் தெரியும், கோபத்தைக் கத்தாம பாடுறது எவ்வளவு கஷ்டம்னு, மூச்சு முழுக்க அடக்கி வச்சிருக்கணும். அதை அவரு தாளத்தால பண்றாரு, வார்த்தை விழுற இடத்தைக் கவனிச்சீங்கன்னா ஸ்னேர் அடிக்கிற மாதிரி விழும். அவரை "டிரம்ஸை விட்டுட்டுப் பாடினவரு"ன்னு சொன்னா என்னால ஒத்துக்க முடியாது வேலு சார், தொண்டையாலயும் வாசிச்சவரு அவரு.

வினைல்_வேலு
மீனா, மணி, ரெண்டு பேரும் 1981ஐயே பிடிச்சுக்கிட்டா எப்படி. முதல் சோலோ ஆல்பம் 'ஃபேஸ் வேல்யூ' நல்ல ஆல்பம்தான், நான் இல்லைங்கல. 1985க்கு வாங்க. 'நோ ஜாக்கெட் ரிக்வயர்டு', கிராமி வருஷத்தோட சிறந்த ஆல்பம். ரேடியோவைத் திறந்தா அவரு, டிவியைத் திறந்தா அவரு. அதே வருஷம் ஜூலை 13, லைவ் எய்ட் நிவாரண நிதிக் கச்சேரி, லண்டன் வெம்ப்ளியில பாடிட்டு கான்கார்ட் விமானம் ஏறி அதே நாள் அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா மேடைக்கும் போயிட்டாரு. எதுக்கு? அங்க லெட் செப்பலின் ராக் பேண்டுகூட வாசிச்சது எவ்வளவு மோசம்னு எல்லாருக்கும் தெரியும், அவங்க கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜே அப்புறம் காலின்ஸுக்குப் பாட்டு தெரியலைன்னு குறை சொன்னாரு. ஒரு பெரிய டிரம்மர் தன் டிரம்ஸால கெட்ட பேர் வாங்கினது அந்த ஒரு நாள்தான், அதுக்குக் காரணம் பாப் ஸ்டார் ஆயிட்டதால எங்கயும் இருக்கணும்ங்குற கட்டாயம்.

டிரம்ஸ்_தாஸ்
அண்ணே இதுல எனக்குக் கோபமே வருது, மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு அந்த மேடைல டிரம்மர் ரெண்டு பேரு, இன்னொருத்தர் டோனி தாம்ப்சன். காலின்ஸ் அவங்களோட ஒத்திகையே பாக்கல, அன்னிக்கே விமானத்துலேருந்து இறங்கி வந்து உக்காந்தாரு. பேஜோட கிட்டார் சுருதி சேரல, பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குக் குரலே கட்டியிருந்துச்சு. அத்தனையும் விட்டுட்டு பழி மட்டும் இவரு தலைல. பாதியில எழுந்து போயிடலாமான்னு தோணுச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு, போகல, அவ்வளவு பேர் பாத்துக்கிட்டு இருக்கும்போது போகக் கூடாதுன்னு உக்காந்திருந்தாரு. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹாம் செத்தப்புறம் பிளான்ட் தனியா ஆல்பம் போட்டப்ப, முதல் ரெண்டு ஆல்பத்துலயும் பெரும்பாலான பாட்டுக்கு வாசிச்சது யாரு? காலின்ஸ். 1983ல டூரும் போனாரு, பின்னாடி உக்காந்து டிரம்ஸ் மட்டும் வாசிச்சிட்டு வந்தாரு, அப்ப அவரே பெரிய ஸ்டார். அது பாப் ஸ்டார் பண்ற வேலையா?

பாடகர் ஆன அதே 1976லதான் பிராண்ட் எக்ஸ்னு ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) பேண்டோட முதல் ஆல்பமும் வந்துது. அதை யாரும் காசுக்காக வாசிக்க மாட்டாங்க. ஜெனிசிஸ் ஸ்டுடியோ ஆல்பங்கள்லயும் 1975க்கு அப்புறம் அவரு பேண்டுல இருந்த வரைக்கும் டிரம்ஸ் அவருதான், மேடைல மட்டும்தான் செஸ்டர். மேடைலயும் பாட்டில்லாத நீளமான பகுதி வந்தா ஓடிப்போய் ரெண்டாவது செட்டுல உக்காந்துக்குவாரு.

எண்பதுகளின்_பிள்ளை
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க, நான் ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். எனக்கு ஒன்பது எட்டு தெரியாது. 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்' கேட்டா தொண்டை அடைக்கும், அவ்வளவுதான். பாப் பாட்டுன்னா மட்டம்னு யாரு முடிவு பண்ணது? அமெரிக்காவுல அவரு பாட்டை அதிகமா மதிச்சவங்க ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி பாடகர்கள், 2001ல அவங்க சேர்ந்து அவர் பாட்டுகளை மட்டும் வச்சு ஒரு ஆல்பமே போட்டாங்க. 2020ல இளவயசு இரட்டையர்கள் ரெண்டு பேர் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டை முதல் தடவையா கேக்குற வீடியோ ஓடுச்சே, டிரம்ஸ் விழுந்ததும் நாற்காலில தூக்கிப்போட்டாங்களே, நாப்பது வருஷப் பழைய பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியல்ல ஏறுச்சு. அந்தப் பசங்க ரசிச்சது பாடகரையா டிரம்மரையா, நீங்களே சொல்லுங்க.

டிரம்ஸ்_தாஸ்
இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். 2007ல ஜெனிசிஸ் மறுபடி சேர்ந்து டூர் போனாங்க, அந்த நேரத்துல கழுத்து எலும்புல பிரச்சனை, 2009ல ஆபரேஷன், அப்புறம் கையில உணர்ச்சி போச்சு. குச்சியைப் பிடிக்க முடியல. 2010ல மோட்டவுன்ங்குற அமெரிக்க கம்பெனியோட பழைய சோல் பாட்டுகளை எடுத்து 'கோயிங் பேக்'னு ஒரு ஆல்பம் பண்ணாரு, அதுக்கு டிரம்ஸ் வாசிக்க குச்சியைக் கையோட டேப் போட்டு ஒட்டிக்கிட்டாரு. நானும் டிரம்ஸ்தான், கல்யாணக் கச்சேரி, சர்ச்சு எல்லாம் வாசிக்கிறேன், ரெண்டு வருஷம் முன்னாடி மணிக்கட்டு வீங்கி ஒன்றரை மாசம் குச்சியைத் தொடல, சாப்பாட்டுத் தட்டுல விரலால தட்டிக்கிட்டு இருந்தேன், எங்கம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாங்க. அதனால டேப் ஒட்டின கையை நினைச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆகும்.

2017லேருந்து மேடைல நாற்காலில உக்காந்து பாடினாரு. டிரம்ஸ்ல மகன் நிக், அப்ப 16 வயசு. 2022 மார்ச் 26 லண்டன்ல ஜெனிசிஸோட கடைசி கச்சேரி, அப்பவும் நிக்தான், கூட்டத்துல கேப்ரியல் உக்காந்து பாத்தாரு.

வினைல்_வேலு
தம்பி, அம்மா பத்தி எழுதினது மனசைத் தொட்டுடுச்சு, கையைப் பாத்துக்க. ஆனா நீ சொன்னதே என் பக்கத்துக்குத்தான் பலம் சேக்குது. கைக்கு ஆயுள் அவ்வளவுதான்னு இப்ப நமக்குத் தெரியுது. 24 வயசுல மைக்குக்குப் போனாரு, 56 வயசுல கை போச்சு. நடுவுல முப்பது வருஷம் சொச்சம். அந்த முப்பது வருஷத்துல அந்தக் கை முழு நேரமும் டிரம்ஸ் மேல இருந்திருந்தா என்னென்ன வந்திருக்கும்? பாடுறதுக்கு உலகத்துல ஆயிரம் பேர் உண்டு, அந்த மாதிரி வாசிக்க எத்தனை பேர்? எனக்கு அவர் மேல கோபம் இல்ல, அந்தக் கை மேல இருக்குற ஆசைதான் பேசுது.

மெல்லிசை_மீனா
சார், ஆயிரம் பேர் பாடலாம், அந்தப் பாட்டுகளை அவரு எழுதலேன்னா ஆயிரம் பேருக்கும் பாட இல்லையே.

டிரம்ஸ்_தாஸ்
அண்ணே, உங்க ஆசை புரியுது. ஒண்ணே ஒண்ணு. 2004ல அவரு சோலோ டூர், விடைபெறும் டூர்னு பேர் வச்சது. அரங்கம் பூரா காதல் பாட்டு கேக்க வந்த ஜனம். ஆரம்பம் என்ன தெரியுமா? பாட்டே இல்ல. மூணு பேர் தாளம், செஸ்டர் தாம்ப்சன் ஒரு செட், காலின்ஸ் ஒரு செட், லூயிஸ் கான்டே பெர்கஷன். வாயே திறக்காம வாசிச்சிட்டுத்தான் பாடவே ஆரம்பிச்சாரு. கை நல்லா இருந்த கடைசி வருஷங்கள். இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க, முழுசா பாத்துட்டு வந்து திட்டுங்க.

வினைல்_வேலு
பாத்தேன் தம்பி, ரெண்டு தடவை. காலின்ஸ் இடது கைக்காரரு, செஸ்டர் வலது கை, அதனால செட்டு ரெண்டும் கண்ணாடில பாத்த மாதிரி எதிரெதிரா நிக்குது, கை போறதும் அப்படியே. ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிறாங்க. இதைத்தான் நான் இன்னும் நூறு மணி நேரம் கேட்டிருக்கணும்னு சொல்றேன்.