3080 கார்டுக்கு வாட்டர் பிளாக் போட்டப்புறம் ஹாட்ஸ்பாட் 102 டிகிரி, ஆனா மெமரி மட்டும் கூலா இருக்கு, எங்க பாக்கணும்?

பிக்சல் கோவை

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 10 ஜிபி, ரெஃபரன்ஸ் போர்டு (என்விடியாவோட டிசைன்). பிளெண்டர்ல ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும், ஃபேன் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது, அதனால ஃபுல் கவர் வாட்டர் பிளாக் (உள்ள தண்ணி ஓடற, கார்டோட சில்லு, மெமரி எல்லாத்தையும் மூடற உலோகக் கட்டி) ஒண்ணு வாங்கி, ஏற்கனவே சிபியூவுக்கு தண்ணி ஓடிட்டிருந்த லூப்லயே கார்டையும் சேத்துட்டேன். லூப்ல ஒரு 360 எம்எம் ரேடியேட்டர், டி5 பம்ப், சாஃப்ட் டியூப், சிபியூ ரைசன் 5 5600எக்ஸ். லீக் எதுவும் இல்ல, ஃப்ளோ நல்லா தெரியுது.

பிரச்சன என்னன்னா, ரெண்டர் போட்டு அரை மணி நேரம் ஆனதும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல கோர் (மெயின் சில்லு) 68, ஹாட்ஸ்பாட் (அந்த சில்லுலயே ரொம்ப சூடான எடம்) 102, மெமரி ஜங்ஷன் (மெமரி சில்லோட உள் சூடு) 74 டிகிரி காட்டுது. பழைய ஏர் கூலர்ல மெமரி 100 பக்கம் போகும், அது இப்ப சூப்பரா இறங்கியிருக்கு, ஆனா ஹாட்ஸ்பாட் ஏர்ல இருந்தத விட மோசம். இவ்வளவு செலவு பண்ணி தண்ணி ஓட்டினதுக்கு கோர் 68ங்கறதும் ஜாஸ்தி தானே? கார்ட திரும்ப கழட்டறதுக்கு முன்னாடி வேற எதாவது பாக்கணுமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், கழட்டி மாட்டறது பெரிய வேலை, அதான் கேக்கறேன்.

மதுரை ஹீட்சிங்க்

ப்ரோ கார்டே 320 வாட், சிபியூ சேத்தா 400 பக்கத்துல வருது, ஒத்த 360 ரேடியேட்டர் திணறும்னு நெனக்கறேன். 120 எம்எம் ரேடியேட்டருக்கு 100 வாட்னு தான் பொதுவா கணக்கு போடுவாங்க. இன்னொரு 240 சேத்துப் பாருங்க. அப்புறம் பிளாக் உள்ள காத்து மாட்டியிருக்கான்னு பாருங்க, கேஸ முன்னாடி பின்னாடி சாய்ச்சு பம்ப் ஸ்பீட ஏத்தி எறக்கினா குமிழி ரிசர்வாயருக்கு வந்துடும்.

பிக்சல் கோவை

நன்றி ப்ரோ. கேஸ சாய்ச்சு பாத்தாச்சு, ரிசர்வாயர்ல குமிழியே வரல, பிளாக் மேல அக்ரிலிக் தான், உள்ள காத்து நின்னா கண்ணுக்கே தெரியும், ஒண்ணும் இல்ல. ரேடியேட்டர் விஷயத்துல ஒரு தகவல், லூப்ல டெம்பரேச்சர் சென்சார் போட்டிருக்கேன், ரூம் 31 டிகிரி இருக்கும்போது ஃபுல் லோட்ல தண்ணி 42ல நிக்குது, அதுக்கு மேல ஏறல.

அடையாறு லூப்

தண்ணி டெம்பரேச்சர் கொடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சு, அது இல்லாம இந்த மாதிரி கேள்விக்கு யாரும் உருப்படியா பதில் சொல்ல முடியாது. சூடு சில்லுல இருந்து ரூம் காத்துக்குப் போற வழிய மூணு துண்டாப் பிரிச்சுப் பாருங்க. தண்ணிக்கும் ரூமுக்கும் உள்ள வித்தியாசம் ரேடியேட்டரோட வேலை, உங்களுக்கு அது 11, ஒத்த 360க்கு இந்த லோட்ல அது நல்ல நம்பர், இன்னொரு ரேடியேட்டர் வாங்கினா நாலஞ்சு டிகிரி இறங்கும், அவ்வளவு தான், இப்ப அதுக்கு காசு போடாதீங்க. அடுத்தது கோருக்கும் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம், அது பிளாக்கும் சில்லு மேல தடவற தெர்மல் பேஸ்ட்டும் சேந்து பண்ற வேலை, நல்லா உக்காந்த ஃபுல் கவர் பிளாக்ல 3080க்கு 10லேருந்து 15க்குள்ள இருக்கணும், உங்களுக்கு 26. மூணாவது ஹாட்ஸ்பாட்டுக்கும் கோருக்கும் உள்ள வித்தியாசம். ஹாட்ஸ்பாட்ங்கறது சில்லு உள்ள அங்கங்க இருக்கற சென்சார்ல எது ரொம்ப சூடோ அதோட நம்பர், அதனால இந்த வித்தியாசம் பிளாக் சில்லு மேல சமமா படிஞ்சிருக்கான்னு காட்டும். 10லேருந்து 15 சாதாரணம், உங்களுக்கு 34.

அதனால தண்ணி பக்கம் ஒரு குறையும் இல்ல. பிளாக் சில்லு மேல சரியா உக்காரல, அதுவும் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. மெமரி மட்டும் ஏன் நல்லா இருக்குங்கறது தான் இங்க பெரிய துப்பு. மெமரிக்கும் பிளாக்குக்கும் நடுவுல வைக்கற தெர்மல் பேட் மெலிசா இருந்தா சில்லு கூலா இருக்கும், மெமரி கொதிக்கும். உங்களுக்கு அப்படியே தலைகீழ், மெமரி பேட் எல்லாம் பிளாக்க நல்லா தாங்கிப் பிடிச்சுட்டு சில்லத் தொட விடாம வச்சிருக்கு. என்ன பேட் போட்டீங்க, எத்தன மில்லிமீட்டர், பாக்ஸ்ல வந்ததா வெளில வாங்கினதா?

பிக்சல் கோவை

வெளில வாங்கினது தான் அண்ணா. பாக்ஸ்ல வந்த பேட் சாதாரண க்வாலிட்டி, இதப் போட்டா மெமரி இன்னும் இறங்கும்னு கடைல சொல்லி 12.8 வாட்னு (சூட்ட எவ்வளவு நல்லா கடத்தும்ங்கற ரேட்டிங்) போட்ட பேட் ஷீட் கொடுத்தாங்க. மேனுவல்ல மெமரிக்கு 1 மிமீன்னு இருக்கு, இதுவும் 1 மிமீ தான், வெர்னியர் வச்சு அளந்தே பாத்தேன், கரெக்டா இருக்கு. அப்ப திக்னஸ் சரியா தானே இருக்கு?

அடையாறு லூப்

திக்னஸ் சரி, ஆனா விரலால அமுக்கிப் பாருங்க, எவ்வளவு அமுங்குது? பாக்ஸ்ல வந்த ஷீட் மிச்சம் இருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சு அமுக்குங்க.

டொரண்டோ வாசி

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர கார்டிலயும் இதே கதை தான் நடந்தது, பேட்டில 1 மிமீ எண்டு தான் எழுதிக் கிடந்தது, ஆனா அழிரப்பர் மாதிரி இறுக்கம், பிளாக் வைச்சுத் திருகினா அமத்துப்படவே இல்லை. வாட் நம்பர் கூடக் கூட பேட்டுக்குள்ள செராமிக் தூள் கூடச் சேப்பினம், அதால இறுகிப் போகும். பிளாக் செய்யிறவை தங்கட மெத்துப் பேட் இவ்வளவு அமரும் எண்டு கணக்குப் பாத்துத் தான் உயரம் கடையிறவை. நான் கடைசியா எல்லாத்தையும் எடுத்துப் போட்டு தெர்மல் புட்டி தான் வைச்சனான், அது எந்த இடைவெளிக்கும் தன்ர பாட்டில பரவும், திரும்பக் கழட்டேக்க துடைக்கிறது தான் கொஞ்சம் வேலை.

சேலம் ஓவர்கிளாக்

பேட்ட எல்லாம் மாத்தறதுக்கு பதிலா கோர்ல லிக்விட் மெட்டல் போட்டுட்டா ஹாட்ஸ்பாட் இறங்கிடுமே?

அடையாறு லூப்

தயவு செஞ்சு அத இங்க பண்ணாதீங்க. லிக்விட் மெட்டல் கரண்ட் கடத்தும், சில்லச் சுத்தி பொடிப்பொடியா கெபாசிட்டர் இருக்கு, ஒரு துளி வழிஞ்சாலும் கார்டு காலி. அதோட அது ரொம்ப மெலிசான படலமா இருந்தா தான் வேலை செய்யும், இடைவெளிய ரொப்பறதுக்கு அது ஆகாது. இடைவெளி இருக்கற வரைக்கும் எதப் போட்டாலும் ஒண்ணு தான்.

அந்த இடைவெளி எவ்வளவு இருக்கும்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 3080 சில்லு பெருசு, 628 சதுர மிமீ. 8 வாட்னு ரேட்டிங் போட்ட பேஸ்ட் வச்சு, அந்த 320ல சில்லு வழியா மட்டும் ஒரு 250 வாட் போகுதுன்னு வச்சுக்கிட்டா, பேஸ்ட் ஒவ்வொரு 0.1 மிமீ தடிமன் கூடறப்பவும் சுமார் 5 டிகிரி ஏறும். உங்க கோர் இருக்க வேண்டியத விட 13 டிகிரி மேல நிக்குது, அப்படின்னா சராசரியா கால் மில்லிமீட்டர் தூக்கிட்டு இருக்கு, ஹாட்ஸ்பாட் இருக்கற மூலைல இன்னும் ஜாஸ்தி. வெர்னியர்ல தெரியற அளவு தான் இது, கண்ணால பாத்தா பிளாக் நல்லா உக்காந்த மாதிரியே இருக்கும். ஸ்க்ரூவ இன்னும் முறுக்கினா சரியாகும்னு மட்டும் நெனச்சுடாதீங்க, பிளாக்ல ஸ்க்ரூ போற குட்டித் தூண், அதாவது ஸ்டாண்ட்ஆஃப், போர்ட தொட்டதும் அதுக்கு மேல அது இறங்காது, முறுக்க முறுக்க போர்டு தான் வளையும், மெமரி சில்லுக்குக் கீழ இருக்கற சால்டர் விட்டுப் போகும்.

கழட்டித் தான் ஆகணும், வேற வழி இல்ல. சிஸ்டத்த ஆஃப் பண்ணி, பவர் சப்ளை பின்னாடி சுவிட்சும் ஆஃப் பண்ணி, தண்ணிய முழுசா வடிச்சுடுங்க, சாஃப்ட் டியூப் நீளமா இருக்குன்னு வடிக்காம கார்ட மட்டும் தூக்கறது வேணாம், ஒரு ஃபிட்டிங் நழுவினா மதர்போர்டு மேல தான் ஊத்தும். பிளாக்க எடுக்கறப்ப ஸ்க்ரூ எல்லாம் கழட்டினதும் நேரா இழுக்காதீங்க, லேசா அசைச்சு எடுங்க, பேட் ஒட்டிட்டு இருக்கும். எடுத்த உடனே துடைக்காம ஃபோட்டோ எடுங்க, அது தான் இந்த வேலைலயே முக்கியம். சில்லு மேல பேஸ்ட் எந்த மூலைல தடியா இருக்கு, எந்த மூலைல மெலிசா பரவியிருக்கு, பேட்ல மெமரி சில்லோட அச்சு எவ்வளவு ஆழமா விழுந்திருக்குன்னு பாருங்க.

அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கித் துடைங்க, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற கடைல கெடைக்கும். பாக்ஸ்ல வந்த பேட்ட வெட்டிப் போடுங்க, ரெண்டு பக்கமும் இருக்கற பிளாஸ்டிக் தாள உரிக்கணும், நிறைய பேர் ஒரு பக்கம் மட்டும் உரிச்சுட்டு மாட்டிடறாங்க. மெமரிக்கும் விஆர்எம்முக்கும் (சில்லுக்கு கரண்ட் கொடுக்கற பகுதி) ஒரே திக்னஸா வேற வேறயான்னு மேனுவல்ல படத்தோட இருக்கும், அத அப்படியே பாலோ பண்ணுங்க. சில்லு மேல மூடி கிடையாது, அதனால நடுவுல பொட்டு வச்சு விடாம பேஸ்ட்ட மூலை வரைக்கும் மெலிசா தடவிடுங்க. சில்லச் சுத்தி இருக்கற நாலு ஸ்க்ரூவ முதல்ல, எதிர் எதிர் மூலையா மாத்தி மாத்தி, ஒரு தடவைக்கு அரை சுத்து, நிக்கற எடத்துல விட்டுடுங்க.

இன்னொண்ணு, ஃபைனலா மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ சும்மா மாட்டி கழட்டி அச்சு பாருங்க. கொஞ்சம் பேஸ்ட் வேஸ்ட் ஆகும், பரவால்ல, தண்ணி ரொப்பினப்புறம் கண்டுபிடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பிக்சல் கோவை

அண்ணா, கழட்டிட்டேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. பவர் கனெக்டர் பக்கம் இருக்கற மூலைல பேஸ்ட் வெச்சது வெச்சபடி தடியா நிக்குது, எதிர் மூலைல தான் கொஞ்சம் பரவியிருக்கு. கடைல கொடுத்த பேட்ல மெமரியோட அச்சு லேசா கோடு மாதிரி தான் விழுந்திருக்கு, அமுங்கவே இல்ல. பாக்ஸ் பேட்ட விரலால அமுக்கினா குழி விழுது, ரெண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ரெண்டு சந்தேகம். பழைய கூலன்ட்ட வடிச்சேன், திரும்ப அதையே ஊத்தலாமா? புதுசா ஊத்தணும்னா வீட்டு ஆர்ஓ தண்ணி போதுமா?

மதுரை ஹீட்சிங்க்

ஆர்ஓ வேண்டவே வேண்டாம் ப்ரோ. ஆர்ஓல உப்பு முழுசா போறதில்ல, வீட்டு மிஷின்ல குடிக்கறதுக்காக மினரல் வேற திரும்ப சேப்பாங்க, டிடிஎஸ் மீட்டர் விட்டுப் பாருங்க, நம்பர் காட்டும். டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா டீமினரலைஸ்டு வாங்குங்க, மீட்டர்ல சைபர் பக்கத்துல இருக்கணும். வெறும் தண்ணி மட்டும் ஊத்தக் கூடாது, பாசி பிடிக்காம இருக்க பயோசைடும் துரு தடுக்கற இன்ஹிபிட்டரும் சேந்த கான்சன்ட்ரேட் கலக்கணும். உங்க ரேடியேட்டர் காப்பரா அலுமினியமா? பிளாக் நிக்கல் பூசின காப்பர், அலுமினியம் ரேடியேட்டர் அதே லூப்ல இருந்தா அரிச்சுடும்.

பிக்சல் கோவை

ரேடியேட்டர் காப்பர் தான் ப்ரோ, ஃபிட்டிங் எல்லாம் பித்தளை. சரி, புதுசாவே ஊத்திடறேன்.

அடையாறு லூப்

வடிச்சத திரும்ப ஊத்தாதது நல்லது, பாத்திரத்துல இருந்த தூசி எல்லாம் பிளாக்ல இருக்கற மெல்லிசு ஃபின்ல போய் அடைக்கும். ரொப்பறப்ப மதர்போர்டுக்கும் கார்டுக்கும் கரண்ட் போகாம பம்ப் மட்டும் ஓடணும், 24 பின் கனெக்டர மதர்போர்டுல இருந்து கழட்டிட்டு பச்ச ஒயர் பின்னையும் ஒரு கறுப்பு ஒயர் பின்னையும் ஜம்பர் போட்டா பவர் சப்ளை ஆன் ஆகும், ஒயர் எல்லாமே கறுப்பா இருந்தா ரெடிமேட் ஜம்பர் பிளக் வாங்கிக்கங்க. சிபியூ பவர், கார்டு பவர் கேபிளும் கழட்டியிருக்கணும். பம்ப் ஒரு செகண்ட் கூட தண்ணி இல்லாம ஓடக் கூடாது, ரிசர்வாயர் காலியாகறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணி ரொப்பி ஆன் பண்ணுங்க. எல்லா ஃபிட்டிங் கீழயும் டிஷ்யூ பேப்பர் வச்சு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, டிஷ்யூ ஈரமானா உடனே தெரியும்.

பிக்சல் கோவை

முடிஞ்சுது அண்ணா! பாக்ஸ் பேட் போட்டு, முதல்ல சும்மா மாட்டி அச்சு பாத்தேன், நாலு மூலையும் ஒரே மாதிரி மெலிசா பரவியிருந்துது, அப்புறம் புது பேஸ்ட் போட்டு மாட்டி, ராத்திரி முழுக்க டிஷ்யூ வச்சு ஓட்டி காஞ்சே இருந்துது. இப்ப அதே ரெண்டர், ரூம் 31, தண்ணி 42, கோர் 55, ஹாட்ஸ்பாட் 66, மெமரி 80. மெமரி 6 டிகிரி ஏறியிருக்கு, அது ஓகேவா?

அடையாறு லூப்

அருமை, இது தான் வேணும்! மெமரி 80ங்கறதப் பத்தி கவலையே வேணாம், உங்க கார்டுல இருக்கற ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110ல தான் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தக் குறைக்கும். ஹாட்ஸ்பாட்ட 36 டிகிரி இறக்கறதுக்கு மெமரில 6 டிகிரி கொடுத்தது நல்ல பேரம். தண்ணி, கோர், ஹாட்ஸ்பாட் இந்த மூணு நம்பரையும் எழுதி வச்சுக்கங்க, ஆறு மாசம் கழிச்சு கோருக்கும் தண்ணிக்கும் இடைல இருக்கற 13 ஏறினா பேஸ்ட் காயுது இல்ல ஃபின் அடைக்குதுன்னு அர்த்தம்.

நெல்லை கேமர்

இழைய முழுசா படிச்சேன், ரொம்ப உபயோகமா இருந்துச்சு. என்கிட்ட 3090 இருக்கு, அடுத்த மாசம் பிளாக் போடப் போறேன். எனக்கும் இதே மாதிரி பாக்ஸ் பேட் போட்டா போதும்ல?

அடையாறு லூப்

3090ல ஒரு வித்தியாசம் இருக்கு, 24 ஜிபிக்கு மெமரி சில்லு போர்டோட ரெண்டு பக்கமும் இருக்கு, முன்னாடி 12 பின்னாடி 12. பிளாக் முன் பக்கத்துக்கு மட்டும் தான் தண்ணி கொடுக்கும், பின்னாடி இருக்கற 12ம் பேக்பிளேட் (பின் பக்க உலோகத் தகடு) வழியா தான் சூட்ட விடணும். அதனால பிளாக்கோட சேந்த பேக்பிளேட்டையும் வாங்குங்க, அதுக்கு மேனுவல் சொல்ற பேட்டப் போடுங்க, பேக்பிளேட் மேல காத்து படற மாதிரி ஒரு ஃபேன் திருப்பி வைங்க. பிளாக் வாங்கறதுக்கு முன்னாடி உங்க போர்டு ரெஃபரன்ஸா கம்பெனி சொந்த டிசைனான்னு மாடல் நம்பர் வச்சு பிளாக் கம்பெனி லிஸ்ட்ல பாத்துக்கங்க, ஒரே 3090 பேர்ல போர்டு பல விதமா வரும். வாரன்டி இன்னும் இருந்தா ஸ்க்ரூ மேல ஸ்டிக்கர் இருக்கான்னும் பாருங்க, பழைய கூலரையும் அதோட ஸ்க்ரூவையும் தூக்கிப் போட்டுடாதீங்க, கார்ட விக்கறப்ப வேணும்.