முதல் பேடில்போர்டு: ஏரிக்கும் சின்ன அலைக்கும் ஒரே பலகை போதுமா?

கேள்வி

வணக்கம். நின்றுகொண்டே துடுப்புப் போடும் பேடில்போர்டு ஒன்று வாங்க வேண்டும். இதுதான் முதல் போர்டு. மூன்று வாரமாகத் தேடியதில் தெளிவு வருவதற்குப் பதிலாகக் குழப்பம்தான் கூடியிருக்கிறது.

என் எடை 82 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். நீச்சல் நன்றாகத் தெரியும், சர்ஃபிங் தெரியாது. பத்து முறை தண்ணீரில் இறங்கினால் ஏழு முறை ஏரி, மூன்று முறை கடல். கடலிலும் முழங்கால் முதல் இடுப்பு உயர அலை போதும், அதற்கு மேல் ஆசை இல்லை.

இதுவரை இரண்டு போர்டில் ஏறிப் பார்த்தேன். முதலாவது வாடகைக்கு எடுத்தது. 12 அடி 6 அங்குல நீளம், 28 அங்குல அகலம், கூரான மூக்கு. ஏரியில் அது ஓடிய வேகம் மிகவும் பிடித்தது. ஆனால் பத்தே நிமிடத்தில் இரண்டு பாதமும் மரத்துப்போயின, திருப்பும்போதெல்லாம் விழுந்தேன். அதையே ஒருநாள் சின்ன அலைக்கும் கொண்டுபோனேன். அலை பின்னாலிருந்து தூக்கியதும் மூக்கு நேராகத் தண்ணீருக்குள் குத்தியது. நான்கு அலை பிடித்தேன், நான்கிலும் இதே கதைதான்.

இரண்டாவது நண்பருடையது. 8 அடி 10 அங்குலம், 30 அங்குல அகலம், கொள்ளளவு 118 லிட்டர். அலைக்கென்றே செய்தது. அதில் என்னால் நிற்கவே முடியவில்லை. மண்டியிட்டுத் துடுப்புப் போட்டால்கூட இரண்டே வீச்சில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. பழகப் பழக வந்துவிடும் என்கிறார் அவர்.

இரண்டு நீருக்கும் ஒரே போர்டு சரிப்படுமா, அல்லது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமா? காற்றடித்து நிரப்பும் வகை எடுக்கலாமா? மரத்துப்போவதும் விழுவதும் என் தவறா, போர்டின் தவறா?

பதில் 1

தம்பி, நீங்கள் ஏறிய இரண்டு போர்டும் இரண்டு ஓரத்தில் இருப்பவை. நடுவில் இருப்பதை நீங்கள் இன்னும் தொட்டே பார்க்கவில்லை. உங்கள் தேவைக்கு ஒரே போர்டு தாராளமாகப் போதும்.

முதலில் அந்த நீளமான போர்டு. அதன் மூக்கு படகின் மூக்கு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகச் செய்தது. ஏரியில் நேராகவும் வேகமாகவும் ஓடும். அலையின் சரிவில் இறங்கும்போதும் அது கிழிக்கத்தான் பார்க்கும், அதனால் குத்தியது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஆல்ரவுண்ட் போர்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், மூக்கு கரண்டி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவை ராக்கர் என்பார்கள். அது தண்ணீரைக் கிழிக்காமல் மேலேறிச் சறுக்கும். ஏரியில் கொஞ்சம் வேகம் குறையும். அந்த விலையைக் கொடுத்துத்தான் அலையை வாங்க வேண்டும்.

அடுத்தது நண்பரின் போர்டு. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். நீங்கள் 82 கிலோ, போர்டும் துடுப்பும் சேர்ந்து ஒரு பத்து கிலோ. ஆக 92 லிட்டர் தண்ணீருக்குள் போய்விட்டது, மிச்சம் 26 லிட்டர்தான் மேலே நிற்கிறது. நீங்கள் தோளைத் திருப்பினாலே ஓரம் அமிழும். தேர்ந்தவர்களுக்கு அது வேண்டும், ஓரம் அமிழ்ந்தால்தான் அலையில் போர்டு திரும்பும். புதியவருக்கு அது ஓயாத போராட்டம். பழகினால் வரும் என்று நண்பர் சொல்வது உண்மைதான். ஆனால் நிற்கப் பழகுவதற்கே ஒரு வருடம் போய்விட்டால் அலைக்கு எப்போது போவது?

புதியவருக்கு எடையைப்போல இரண்டு மடங்கு லிட்டர் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. உங்களுக்கு 165 முதல் 185 வரை. நீளம் 10 அடியிலிருந்து 10 அடி 6 அங்குலம், அகலம் 32 அங்குலம். 34க்கு மேல் அகலம் வேண்டாம். துடுப்பைத் தண்ணீருக்குள் விடவே கையை எட்டி நீட்ட வேண்டியிருக்கும், அலையில் திருப்பவும் கனமாக இருக்கும்.

பாதம் மரத்ததற்குக் காரணம் பாதி அகலம், பாதி நீங்கள். நிச்சயம் குனிந்து காலைப் பார்த்திருப்பீர்கள், விரல்களால் போர்டைக் கவ்விப் பிடித்திருப்பீர்கள். அடுத்த முறை நடுக் கைப்பிடியின் இரு பக்கமும் தோள் அகலத்துக்குக் காலை வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, தொலைவில் கரையில் ஒரு மரத்தைப் பாருங்கள். துடுப்பு ஓடும்போது உடலுக்கு மூன்றாவது கால் கிடைத்த மாதிரி. பயந்து அதைத் தண்ணீரிலிருந்து தூக்கினால்தான் விழுவோம்.

இரண்டு வீச்சில் திரும்புவது குட்டைப் போர்டின் குணம். ஆனாலும் துடுப்பைச் சாய்த்துப் பிடித்து, போர்டின் வளைந்த ஓரத்தை ஒட்டியே இழுத்தால் எந்தப் போர்டும் திரும்பும். நேராகப் போக, துடுப்பின் மேல்முனையைப் பிடித்த கை போர்டின் ஓரத்தைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே வரட்டும், துடுப்பு செங்குத்தாக இறங்கட்டும், கணுக்காலுக்கு நேராக வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

பதில் 2

காற்றடிக்கும் போர்டு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். என்னிடம் நான்கு வருடமாக இருப்பது அதுதான். 10 அடி 6, அகலம் 32, தடிமன் 6 அங்குலம். வீட்டில் இடமில்லை, அதனால் வாங்கினேன். ஏரியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. பாறையில் இடித்தாலும் பயப்பட வேண்டியதில்லை, பிள்ளைகள் மேலே விழுந்தாலும் வலிக்காது.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். கைப் பம்பில் அடிக்கும்போது முதல் சில நிமிடங்களுக்கு அழுத்தமானியின் முள் அசையவே அசையாது. பிறகு மெல்ல ஏறும், ஏறும்போதே பம்பும் கனத்துவிடும். நான் 8 பிஎஸ்ஐ-யிலேயே (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு) போதும் என்று நிறுத்திவிடுவேன். நடுவில் நின்றால் போர்டு தூளி மாதிரித் தொய்ந்து, மூக்கும் வாலும் மேலே எழும்பும். போர்டே மட்டம் என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தயாரிப்பாளர் 15 என்று அச்சிட்டிருந்தால் 15 வரை அடிக்கத்தான் வேண்டும். வெயிலில் நிரப்பியபடியே கரையில் போட்டுவிடாதீர்கள், உள்ளே காற்று விரிந்து அழுத்தம் கூடும்.

அலையில் நுரையோடு நுரையாக நேராகக் கரைக்கு வருவது சுகமாக இருக்கும். அலையின் சுவரில் பக்கவாட்டில் ஓட்டப் பார்த்தால் நழுவும். ஓரம் தடித்து உருண்டையாக இருப்பதால் தண்ணீரைக் கடிக்காது. உங்கள் ஆசையில் மூன்றில் ஒரு பங்கு அலை என்றால், வைக்க இடம் இருக்கும் பட்சத்தில் கெட்டியான போர்டையே எடுங்கள். இடமில்லாவிட்டால் காற்றடிப்பதே நல்லது. வீட்டில் இடித்துக்கொண்டு நிற்கும் போர்டு தண்ணீருக்குப் போகாது.

பதில் 3

மேலே முதல் பதில் எழுதியவர் சொன்னதோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். இடுப்பு உயர அலைக்கு 9 அடி 6 அங்குலம், 32 அங்குல அகலம், 150 லிட்டர் பக்கம் போனால் அலையில் இரண்டு மடங்கு சந்தோஷம். 10 அடி 6 ஏரியில் நன்றாக இருக்கும், அலையில் கதவைத் திருப்புவது போல இருக்கும்.

பதில் 1

அண்ணா, அவர் பத்தில் ஏழு முறை ஏரி என்கிறார். 9 அடி 6 போர்டில் ஏரியைச் சுற்றி வந்தால் பாதி வீச்சு நேராக்கவே போய்விடும். பத்தில் ஏழு முறை கடல் என்றிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.

கேட்டவர்

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. காற்றடிக்கும் போர்டு பற்றி எழுதிய அக்கா, எனக்குச் சுவரோரம் வைக்க இடம் இருக்கிறது, காரில் மேல் கம்பியும் இருக்கிறது. அதனால் கெட்டிப் போர்டு என்று முடிவு செய்துவிட்டேன். பழைய போர்டு ஒன்று வந்திருக்கிறது: 10 அடி 2 அங்குலம், 32 அங்குலம், 170 லிட்டர், எபாக்ஸி. அடிப்பக்கம் நடுவில் ஒரு ஃபின் (மீனின் துடுப்பு போன்ற தகடு), இரண்டு பக்கமும் சின்ன ஃபின். சின்னதாக ஒரு அடி பட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்கிறார் விற்பவர். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 4

அளவு நல்ல அளவு. போர்டுகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை, அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

உள்ளே இருப்பது தெர்மாகோல் போன்ற வெள்ளை நுரை. மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பிசினும் சேர்ந்த மெல்லிய ஓடு. ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், போனால் லேசில் வெளியே வராது. ஆகவே அடி எவ்வளவு பெரியது என்பதைவிட, அதற்குப் பிறகு தண்ணீரில் இறக்கினார்களா என்று கேளுங்கள்.

போர்டை இரண்டு நாற்காலி மேல் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரலால் ஒரு சாண் இடைவெளியில் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது ஓடு உள்ளே போய் மெல்ல மேலே வந்தால் அங்கே நுரை பிரிந்துவிட்டது. பிறகு விரல் கணுவால் தட்டுங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒரே மாதிரி கேட்கும், ஊறிய இடத்தில் மொத்தென்று கேட்கும். நிற்கும் இடத்துக்கு மேலே மெத்தை ஒட்டியிருப்பதால் அங்கே குதிகாலால் அழுத்திப் பாருங்கள். ஃபினைச் செருகும் பெட்டியின் நான்கு மூலை, கைப்பிடிக் குழியின் விளிம்பு, துடுப்பு உரசும் இரண்டு ஓரம், இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ படர்ந்திருந்தால் அது தண்ணீர் போன வழி.

அப்புறம் எடை. குளியலறைத் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். முதலில் நீங்கள் மட்டும், பிறகு போர்டோடு. தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட இரண்டு கிலோ கூடுதலாக இருந்தால் வாங்காதீர்கள்.

என் முதல் போர்டை அவசரத்தில் வாங்கினேன். மூக்கின் அருகே அழகான ஸ்டிக்கர் ஒன்று புத்தம்புதிதாக ஒட்டியிருந்தது, மற்ற ஸ்டிக்கர்கள் எல்லாம் வெளுத்துப்போனவை. வீட்டுக்கு வந்து உரித்தால் கீழே இரண்டு விரல் நுழையும் ஓட்டை. மூன்று வாரம் காயவைத்தும் தண்ணீர் சொட்டியது.

பதில் 3

போர்டு முடிவாகிவிட்டது போல இருக்கிறது. சரி, அலைக்குப் போகும் முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

லீஷ், அதாவது போர்டையும் உங்களையும் இணைக்கும் கயிறு, இல்லாமல் இறங்கவே கூடாது. கடலில் போர்டின் நீளமுள்ள நேரான லீஷ், கணுக்காலில். ஏரியில் சுருள் லீஷ், தண்ணீரில் இழுபடாது. ஓடும் ஆற்றுக்கு என்றாவது போனால் கணுக்கால் லீஷ் வேண்டவே வேண்டாம். அது கிளையிலோ கல்லிலோ மாட்டினால் நீரோட்டம் உங்களை அடியில் அமுக்கிப் பிடித்துவிடும், குனிந்து கழற்ற முடியாது. அங்கே இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் விடுபடும் வகைதான் வேண்டும். உயிர்காப்பு உடை எங்கேயும் போடுங்கள்.

கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதன் ஒரு பாய்மரம். கரையை விட்டு விலக விலகக் காற்று பலப்படும், திரும்பி வர முடியாது. அப்படிச் சிக்கினால் உடனே மண்டியிடுங்கள், அதுவும் போதாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் தள்ளி வாருங்கள். எந்த நிலையிலும் போர்டை விட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

மூக்கு குத்தியதற்கு நீங்கள் நின்ற இடமும் ஒரு காரணம். அலை தூக்கும் கணத்தில் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து எடையை அதன்மேல் சாய்க்க வேண்டும். இதைக் கரையில் மணல்மேல் கோடு போட்டு ஐம்பது முறை செய்து பழகுங்கள். விழுந்தால் தட்டையாக, போர்டை விட்டு விலகி விழுங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டு ஒருபோதும் இருக்கக் கூடாது. பத்து கிலோ போர்டு நுரையோடு வந்து நெஞ்சில் மோதியதில் எனக்கு ஆறு வாரம் மூச்சு இழுக்கவே வலித்தது.

இன்னொன்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். துடுப்பு இருப்பதால், பலகையில் படுத்துக் கையால் தள்ளிச் சர்ஃபிங் செய்பவர்களைவிட முன்பே நமக்கு அலை கிடைத்துவிடும். எல்லா அலையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் போகவே போகாதீர்கள்.

கேட்டவர்

பத்து நாள் கழித்து வருகிறேன். போர்டு வாங்கிவிட்டேன். எடை 10 கிலோ 400 கிராம், தயாரிப்பாளர் சொன்னதைவிட 300 கிராம்தான் கூட. அழுத்தியதில் எங்கும் அமுங்கவில்லை. ஃபின் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு விரிசல், மஞ்சள் எதுவும் இல்லை.

ஏரியில் நாற்பது நிமிடம் நின்றேன், பாதம் மரக்கவில்லை. எதிர்க்கரையில் இருந்த ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முதல் பதிலில் அண்ணா சொன்னது அப்படியே வேலை செய்தது. அங்கே வந்த ஒரு பெரியவர் என் துடுப்பைப் பார்த்துவிட்டு, திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்றார். அதன் தட்டு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். இத்தனை நாளும் என் பக்கம் சாய்ந்திருந்தது! மாற்றியதும் போர்டு நேராகப் போனது.

நேற்று கடல். முழங்கால் உயரம்தான். ஒருமுறை குத்தியது, மற்ற ஐந்திலும் காலைப் பின்னால் எடுத்தேன், கரை வரைக்கும் நின்றபடியே வந்தேன். இன்னும் அந்த அலையின் சத்தம் காதில் இருக்கிறது. நடு ஃபினையும் துடுப்பின் நீளத்தையும் இரண்டு நீருக்கும் மாற்ற வேண்டுமா?

பதில் 1

படிக்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. ஏரிக்கு 9 அங்குல நடு ஃபின் மட்டும், பெட்டிக்குள் பின்னால் தள்ளி மாட்டுங்கள், நேராக ஓடும். கடலுக்கு 7 அங்குலம், கொஞ்சம் முன்னால், பக்க ஃபின் இரண்டும் சேர்த்து. துடுப்பு ஏரியில் தலைக்கு மேல் எட்டு அங்குலம், அலையில் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவு.

பதில் 4

அந்த ஃபின் பெட்டி விரிசலோடு கடலுக்குப் போயிருக்கிறீர்கள், இனி அடைக்கும் வரை இறக்காதீர்கள். இன்றே நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எபாக்ஸி பூசுங்கள். கடையில் பாலியஸ்டர் ரெசின் என்ற வேறு வகைப் பிசின் கொடுத்தால் வாங்க வேண்டாம், அது இந்த வெள்ளை நுரையைக் கரைத்துவிடும். பூசும் முன் பெட்டியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.